1965-க்குப் பின் இந்தியப் பொருளாதாரத் தேக்கம்: வறட்சியின் விளைவும் கொள்கைத் தெரிவும்

ஆய்வுச் சுருக்கம்

விடுதலைக்குப் பிந்தைய முதல் முப்பது ஆண்டுகளில் இந்தியப் பொருளாதாரம் ஆண்டுக்குச் சுமார் 3.5 விழுக்காடு வளர்ந்தது என்பது பாடநூல்களிலும் ஆய்வுகளிலும் நிலைபெற்றுவிட்ட கூற்றாகும். இந்த ஒற்றைச் சராசரி, 1965-66ஆம் ஆண்டை ஒட்டி ஏற்பட்ட முறிவை மறைத்துவிடுகிறது. அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டுகளில் விரைந்து வளர்ந்த தொழில்துறை, அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தளர்ந்து கிடந்தது. போரும் இரண்டு ஆண்டு வறட்சியும் இத்தளர்ச்சியைத் தொடங்கிவைத்தன. எனினும் 1967-68இல் விளைச்சல் மீண்ட பின்னரும் தொழில்துறை மீளாமைக்கு, அரசு தன் முதலீட்டைச் சுருக்க மேற்கொண்ட முடிவே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அம்முடிவின் பின்னணியில் இருந்த உணவு விலை அரசியலைச் சென்னை மாநிலத்தின் பட்டறிவு கொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஐந்தாண்டுத் திட்டம், பொருளாதாரத் தேக்கம், பொதுத்துறை முதலீடு, உணவுதானியம், ரூபாய் மதிப்புக் குறைப்பு, பசுமைப் புரட்சி.

முன்னுரை

ஒரு நாட்டின் பொருளாதார வரலாற்றை எழுதும்போது எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிப்பது என்பதே கருத்து சார்ந்த ஒரு முடிவாகிவிடுகிறது. 1950 முதல் 1980 வரையிலான காலத்தை ஒரே அலகாகக் கொண்டால், மெதுவாகவும் மாற்றமின்றியும் நகர்ந்த ஒரு பொருளாதாரமே கண்ணுக்குத் தெரியும். பொருளியல் அறிஞர் ராஜ் கிருஷ்ணா 1970களின் இறுதியில் இதனை 'இந்து வளர்ச்சி வீதம்' எனக் குறிப்பிட்டார். திட்டக் கொள்கையின் மீதான எள்ளலாகப் பிறந்த இச்சொல், காலப்போக்கில் ஒரு பண்பாட்டு விளக்கம் போலவே கையாளப்படலாயிற்று. இந்தியச் சமூகத்தின் இயல்பே அவ்வளவுதான் என்ற பொருள் அதனுள் புகுந்துகொண்டது.

இக்காலத்தை 1965-ஐ எல்லையாகக் கொண்டு இரண்டாகப் பகுத்தால் வேறொரு வரலாறு புலனாகிறது. 1951 முதல் 1965 வரை நாட்டு வருமானம் ஆண்டுக்குச் சுமார் 4 விழுக்காடு வளர்ந்தது. அதன்பின் 1980 வரை சுமார் 3 விழுக்காடாகக் குறைந்தது. ஒரு விழுக்காட்டுக் குறைவு சிறியதாகத் தோன்றலாம். மக்கள்தொகை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் பெருகிவந்த நாட்டில், தலா வருமானத்தின் வளர்ச்சியை அக்குறைவு பாதியாக்கிவிட்டது. தொழில்துறையில் வீழ்ச்சி இன்னும் கடுமையானது. 1965 வரை ஆண்டுக்கு 7 அல்லது 8 விழுக்காடாக இருந்த தொழில் உற்பத்தி வளர்ச்சி, அடுத்த பத்தாண்டுகளில் 4 விழுக்காட்டை ஒட்டிச் சரிந்தது.

இம்முறிவு ஏன் நிகழ்ந்தது, ஏன் நீடித்தது என்னும் இரண்டும் தனித்தனி வினாக்கள். தொடக்கத்துக்கான காரணத்தையே நீடிப்புக்கான காரணமாகவும் கொள்வதால் பல விளக்கங்கள் தடுமாறுகின்றன. இவ்விரு வினாக்களையும் பிரித்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வளர்ச்சிக் காலம் (1951–1965)

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், குடியேற்ற ஆட்சிக் காலத்தில், இந்தியப் பொருளாதாரம் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு அளவில்கூட வளரவில்லை என்பது பொருளாதார வரலாற்றாசிரியர்களின் பொதுவான மதிப்பீடு. அப்பின்னணியில் நோக்கும்போது 1951-க்குப் பிந்தைய வளர்ச்சி ஒரு பெருந்திருப்பமாகும். முதல் ஐந்தாண்டுத் திட்டம் (1951–56) ஆண்டுக்கு 2.1 விழுக்காட்டு வளர்ச்சியை இலக்காகக் கொண்டு 3.6 விழுக்காட்டை எட்டியது. இரண்டாம் திட்டம் (1956–61) 4.5 விழுக்காட்டை இலக்காகக் கொண்டு அதற்கு மிக அருகில் வந்தது.

இரண்டாம் திட்டத்தின் சிந்தனை அடித்தளத்தை அமைத்தவர் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பி.சி. மகலனோபிஸ். நுகர்வுப் பொருள் செய்யும் ஆலைகளுக்கான இயந்திரங்களை இறக்குமதி செய்துகொண்டே இருப்பதைவிட, இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களையும் அவற்றுக்கு வேண்டிய எஃகையும் உள்நாட்டிலேயே உருவாக்கினால் நீண்டகால வளர்ச்சி விரைவுபெறும் என்பது அவரது கருத்து. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் ரூர்கேலாவிலும், சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் பிலாயிலும், பிரிட்டனின் உதவியுடன் துர்காபூரிலும் எஃகு ஆலைகள் எழுந்தன. 1950-51இல் சுமார் 10 லட்சம் டன்னாக இருந்த எஃகுப் பொருள் உற்பத்தி 1965-66இல் 45 லட்சம் டன்னை எட்டியது. சென்னை மாநிலத்தில் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம், திருச்சிராப்பள்ளிக் கொதிகலன் தொழிற்சாலை ஆகியவை இதே காலத்தில் உருப்பெற்றன.

இவ்வளர்ச்சியின் இயக்கமுறையில் ஒரு செய்தி கருதத்தக்கது. எஃகு, சிமெண்டு, இயந்திரம், சரக்குப் பெட்டி ஆகியவற்றை மிகுதியாக வாங்கியது அரசே. இரயில்வே, மின்வாரியங்கள், பாசனத் திட்டங்கள் ஆகியவற்றின் கொள்முதலே தனியார் பொறியியல் ஆலைகளுக்கும் வேலை தந்தது. அரசின் முதலீடு தொழில்துறைக்கு ஒரே நேரத்தில் அளிப்பாகவும் தேவையாகவும் விளங்கியது. அது தளர்ந்தால் இரண்டும் சேர்ந்தே தளரும் அமைப்பு அவ்வாறே உருவாயிற்று.

2. திட்ட அமைப்பின் வலுவற்ற இரு இடங்கள்

இரண்டாம் திட்டம் வகுக்கப்பட்டபோதே அதன் குறைகள் சுட்டிக்காட்டப்பட்டன. பற்றாக்குறை நிதியாக்கம் விலைவாசியை உயர்த்தும் எனப் பி.ஆர். ஷெனாய் 1955இல் தம் மாறுபாட்டுக் குறிப்பை அளித்தார். சி.என். வகீலும் பி.ஆர். பிரம்மானந்தாவும் 1956இல் வெளியிட்ட நூலில் வேறொரு கோணத்தை முன்வைத்தனர். அணையும் ஆலையும் கட்டும் தொழிலாளி தன் கூலியின் பெரும்பகுதியை உணவுக்கும் உடைக்குமே செலவிடுகிறார். அவ்வூதியப் பண்டங்களின் அளிப்பு பெருகாமல் முதலீட்டை மட்டும் பெருக்கினால் உணவு விலை உயரும். ஆகவே உணவும் துணியுமே முதலீட்டின் உண்மையான எல்லையை வகுக்கின்றன என்பது அவர்கள் வாதம்.

இக்குறை உடனே வெளிப்படவில்லை. உணவுதானிய உற்பத்தி 1950-51இல் 5.08 கோடி டன்னிலிருந்து 1960-61இல் 8.2 கோடி டன்னாக உயர்ந்தது. சாகுபடிப் பரப்பு விரிந்ததும் பாசனம் பெருகியதும் இதற்கு உதவின. எஞ்சிய பற்றாக்குறையை அமெரிக்காவின் பி.எல். 480 சட்டத்தின்கீழ் ரூபாய்க்கே கிடைத்த கோதுமை ஈடுகட்டியது. 1956இல் முதல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1960 மே மாதத்தில் நான்கு ஆண்டுகளுக்கு 1.6 கோடி டன் கோதுமையும் 10 லட்சம் டன் அரிசியும் பெறும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அயல்நாட்டுக் கோதுமை நகரங்களின் பங்கீட்டைத் தாங்கிய வரையில், உள்நாட்டு வேளாண்மையில் முதலீட்டைப் பெருக்கவேண்டிய நெருக்கடி அரசுக்கு எழவில்லை.

அந்நியச் செலாவணி இரண்டாவது வலுவற்ற இடமாகும். இரண்டாம் திட்டத்தின் இயந்திர இறக்குமதியால், போர்க்காலத்தில் சேர்ந்திருந்த ஸ்டெர்லிங் இருப்பு இரண்டே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே கரைந்தது. 1958இல் உலக வங்கியின் முயற்சியால் இந்திய உதவிக் கூட்டமைப்பு கூடியது. அதன்பின் திட்டத்தின் ஒரு கால் வெளிநாட்டு உதவியின்மீதே ஊன்றி நின்றது. 1962ஆம் ஆண்டின் சீனப் போருக்குப் பின் பாதுகாப்புச் செலவு ஏறத்தாழ இருமடங்காகியது. இவ்வளவு சுமைகளுக்கிடையிலும் மூன்றாம் திட்டக் காலத்தில் (1961–66) பொது முதலீடு ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே சென்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

3. நெருக்கடியின் இரு ஆண்டுகள் (1965–1967)

1965 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. அமெரிக்கா இரு நாடுகளுக்குமான புதிய உதவிகளை நிறுத்திவைத்தது. அதே ஆண்டில் பருவமழை பொய்த்தது. 1964-65இல் 8.94 கோடி டன்னாக இருந்த உணவுதானிய விளைச்சல் 1965-66இல் 7.23 கோடி டன்னாக வீழ்ந்தது. ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நேர்ந்த இவ்வீழ்ச்சியால் நாட்டு வருமானமே சுமார் 3 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஆண்டும் மழை ஏமாற்றியதால் விளைச்சல் 7.42 கோடி டன் அளவிலேயே நின்றது. பீகாரில் பஞ்சம் ஏற்பட்டது.

1966இல் ஒரு கோடி டன்னுக்கும் மேற்பட்ட தானியம் இறக்குமதி செய்யப்பட்டது. அதன் பெரும்பகுதியை அளித்த அமெரிக்கா, குடியரசுத் தலைவர் ஜான்சனின் ஆணைப்படி, நீண்டகால உடன்படிக்கை செய்துகொள்ளாமல் சிறுசிறு தவணைகளாகவே கோதுமையை விடுவித்தது. துறைமுகத்தில் கப்பல் வந்து சேர்வதைப் பொறுத்தே பங்கீட்டுக் கடையில் தானியம் கிடைக்கும் நிலை உருவாயிற்று. உணவு உதவியோடு வேளாண் கொள்கை, நாணய மாற்று ஆகியவை குறித்த நிபந்தனைகளும் இணைந்து வந்தன. 1964-65இல் இந்தியப் பொருளாதாரத்தை ஆய்ந்த உலக வங்கியின் பெல் குழு, ரூபாயின் மதிப்பைக் குறைக்கப் பரிந்துரைத்திருந்தது. அதனை ஏற்க மறுத்துவந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1965 இறுதியில் பதவி விலகினார். 1966 ஜனவரியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தார்.

1966 ஜூன் 6ஆம் நாள் ரூபாயின் மதிப்பு 36.5 விழுக்காடு குறைக்கப்பட்டது. டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்த மாற்று வீதம் 7.50 ரூபாயாயிற்று. காங்கிரசுத் தலைவர் காமராசர் இம்முடிவுக்கு எதிர்ப்புத் தெரிவித்தார். பணமதிப்புக் குறைப்பு பயன்தர ஏற்றுமதிப் பொருள்கள் கைவசம் இருக்கவேண்டும். சணல், பருத்தி, எண்ணெய் வித்து முதலிய வேளாண் மூலப்பொருள்களையே வறட்சி பாதித்திருந்ததால் ஏற்றுமதி உடனே உயரவில்லை. மதிப்புக் குறைப்புக்கு ஈடாக எதிர்பார்க்கப்பட்ட உதவியும் நிலைத்த அளவில் தொடரவில்லை. மொத்த விலைகள் 1966-67, 1967-68 ஆகிய இரு ஆண்டுகளிலும் பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தன.

இச்சூழலில் 1966 ஏப்ரலில் தொடங்கவேண்டிய நான்காம் ஐந்தாண்டுத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 1969 வரை மூன்று ஓராண்டுத் திட்டங்களே நடைமுறையில் இருந்தன. வரலாற்றில் இது 'திட்ட விடுமுறை' என வழங்கப்படுகிறது.

4. சென்னை மாநிலம்: உணவு விலையும் வாக்குச்சீட்டும்

அரசின் முதலீட்டு முடிவை உணவு விலை எவ்வாறு கட்டுப்படுத்தியது என்பதை அறியச் சென்னை மாநிலம் தெளிவான சான்றாகும். நடுவண் அரசின் உணவுக் கொள்கையை வகுத்தவரும் அதன் அரசியல் விலையைச் செலுத்தியவர்களும் இம்மாநிலத்தவர்களாகவே இருந்தனர்.

1964இல் உணவு, வேளாண்மைத் துறை அமைச்சரான சி. சுப்பிரமணியம் அதற்குமுன் எஃகுத் துறையை நிருவகித்தவர். வேளாண்மைக்கு ஆதாய விலையும் உயர் விளைச்சல் விதையும் உரமும் கிடைத்தாலன்றி உற்பத்தி பெருகாது என்ற நிலைப்பாட்டை அவர் அமைச்சரவையில் வலியுறுத்தினார். 1965 ஜனவரியில் வேளாண் விலைக் குழுவும் இந்திய உணவுக் கழகமும் நிறுவப்பட்டன. உணவுக் கழகத்தின் தலைமையிடம் முதலில் சென்னையிலும் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரிலும் அமைந்தன. 1960-களின் தொடக்கத்திலேயே தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்த தஞ்சையில், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல் இரகம் பரவலாயிற்று.

இம்முயற்சிகளின் பயன் வயலில் விளைந்து சந்தைக்கு வருமுன்பே அரிசித் தட்டுப்பாடு மக்களைத் தாக்கியது. 1965-66இல் அரிசி விலை உயர்வும் கடைகளில் நீண்ட வரிசைகளும் மாநில அரசின்மீது வெறுப்பை வளர்த்தன. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் தாக்கத்தோடு அரிசிச் சிக்கலும் இணைந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்குறுதியை முன்வைத்தது. 1967 தேர்தலில் அக்கட்சி 137 இடங்களில் வென்று ஆட்சி அமைத்தது. காமராசர் விருதுநகரில் தோற்றார். உணவுக் கொள்கையை மாற்றியமைத்த சி. சுப்பிரமணியமும் மக்களவைத் தேர்தலில் தோல்வியுற்றார். புதிய அரசு ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னை, கோவை நகரங்களில் தொடங்கியது. நிதிச்சுமை காரணமாக அத்திட்டம் மாநிலம் முழுமைக்கும் விரியவில்லை.

அனைத்திந்திய அளவிலும் மக்களவையில் காங்கிரசின் இடங்கள் 361-லிருந்து 283-ஆகக் குறைந்தன. பல மாநிலங்களில் அக்கட்சி ஆட்சியை இழந்தது. இத்தோல்விக்கு உணவு விலை மட்டுமே காரணம் என்று கொள்ள இயலாது. ஆயினும் விலைவாசி உயர்ந்தால் ஆட்சி கைநழுவும் என்ற பாடத்தை நடுவண் அரசு இத்தேர்தலிலிருந்து பெற்றது எனலாம். முதலீட்டைச் சுருக்குவது உடனடியாக எந்த வாக்காளரையும் வருத்துவதில்லை. கட்டப்படாத ஆலைக்கு வெளியே யாரும் வரிசையில் நிற்பதில்லை.

5. மீண்ட விளைச்சலும் மீளாத தொழில்துறையும்

1967-68இல் மழை நன்கு பெய்தது. உணவுதானிய விளைச்சல் 9.51 கோடி டன்னை எட்டி, வறட்சிக்கு முந்தைய உயரளவையும் தாண்டியது. நாட்டு வருமானம் அவ்வாண்டில் ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்தது. 1970-71இல் விளைச்சல் 10.84 கோடி டன்னாயிற்று. வறட்சியே தேக்கத்தின் முழுக் காரணமாக இருந்திருந்தால் தொழில்துறையும் 1968-க்குப் பின் பழைய வேகத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. 1960–65இல் ஆண்டுக்குப் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்த மூலதனப் பொருள் தொழில்கள், அடுத்த ஐந்தாண்டுகளில் வளர்ச்சியின்றி நின்றன.

இதற்கான விடை திட்டச் செலவில் உள்ளது. மூன்றாம் திட்டத்தின் மொத்தச் செலவு 8,577 கோடி ரூபாய்; மூன்று ஓராண்டுத் திட்டங்களின் மொத்தச் செலவு 6,625 கோடி ரூபாய். ஆண்டுச் சராசரியாகக் கணக்கிட்டால் 1,715 கோடி ரூபாய் 2,208 கோடி ரூபாயாக உயர்ந்ததுபோல் தோன்றும். மூன்றாம் திட்டத்துக்குள் செலவு ஆண்டுதோறும் கூடிவந்ததால், அதன் இறுதியாண்டிலேயே இப்பிந்தைய சராசரியின் அளவு எட்டப்பட்டுவிட்டது. அதன்பின் பணஅளவில் செலவு நின்றுவிட, விலைகள் மட்டும் ஏறின. உண்மை மதிப்பில் பொது முதலீடு குறைந்தது. நாட்டு வருமானத்தில் சுமார் 8 விழுக்காட்டுக்கு மேல் இருந்த பொதுத்துறை மூலதன ஆக்கம் 1970-ஐ ஒட்டி 6 விழுக்காடு அளவுக்கு இறங்கியது.

இதன் விளைவுகள் ஆலைதோறும் தெரிந்தன. இரயில்வே சரக்குப் பெட்டிகளுக்கான ஆணைகள் குறைந்ததால் பெட்டி செய்யும் ஆலைகள் வேலையின்றி நின்றன. உயரும் நிலக்கரி இலக்கை நம்பி அமைக்கப்பட்ட துர்காபூர்ச் சுரங்க இயந்திர ஆலையும் ராஞ்சிக் கனரகப் பொறியியல் ஆலையும் தம் திறனின் சிறுபகுதியையே பயன்படுத்தின. அவற்றுக்காகப் பயிற்றுவிக்கப்பட்ட பொறியாளர்கள் வேலையின்றி இருந்தமையால் 1960களின் இறுதியில் பொறியியல் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கையே குறைக்கப்பட்டது. இரண்டாம் திட்டம் கட்டிய உற்பத்தித் திறனை ஏற்று வாங்குவதற்கு நான்காம் திட்டம் உரிய காலத்தில் வரவில்லை.

6. தேக்கம் குறித்த விளக்கங்கள்: ஒரு மதிப்பீடு

1970களின் நடுப்பகுதியிலிருந்து இத்தேக்கம் பெரும் விவாதப் பொருளாயிற்று. கே.என். ராஜ் (1976) வேளாண்மையின் மெதுவான, சீரற்ற வளர்ச்சியைத் தொழில் தேக்கத்தோடு இணைத்தார். தீபக் நய்யார் (1978) வருமானப் பகிர்வின் ஏற்றத்தாழ்வால் பெருந்திரள் நுகர்வுப் பொருள்களின் சந்தை குறுகியதை வலியுறுத்தினார். எஸ்.எல். ஷெட்டி (1978) 1960களின் நடுவிலிருந்து பொருளாதார அமைப்பிலேயே பின்னடைவு நேர்ந்ததைப் பல்துறைத் தரவுகளால் காட்டினார். பிரணாப் பர்தன் (1984), ஆதிக்க வகுப்புகளுக்கு மானியங்களாகப் பகிர்ந்தளித்த அரசிடம் முதலீட்டுக்கு நிதி எஞ்சவில்லை என்றார். ஜகதீஷ் பகவதி, பத்மா தேசாய் (1970) ஆகியோர் உரிமமுறை, இறக்குமதிக் கட்டுப்பாடு ஆகியவற்றின் திறமையின்மையைச் சாடினர். இஷர் ஜட்ஜ் அலுவாலியா (1985) பொது முதலீட்டுக் குறைவு, அடித்தளக் கட்டமைப்பின் பற்றாக்குறை ஆகியவற்றோடு கொள்கைக் கட்டுப்பாடுகளையும் காரணமாக்கினார்.

இவ்விளக்கங்களைக் காலப்பொருத்தம் என்னும் அளவுகோலால் மதிப்பிடலாம். உரிமமுறைக்கு அடிப்படையான தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டம் 1951இலேயே இயற்றப்பட்டது. விரைந்த வளர்ச்சிக் காலம் முழுவதும் அது நடைமுறையில் இருந்தது. ஏகபோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் (1969), அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் (1973) ஆகியவை கட்டுப்பாட்டை இறுக்கின. அவை தேக்கம் தொடங்கிய பின் வந்தவை. திறமையின்மை வளர்ச்சியின் உச்சவரம்பைத் தாழ்த்தியிருக்கலாம். 1965-66இல் ஏற்பட்ட முறிவை அது விளக்காது. வருமான ஏற்றத்தாழ்வும் அவ்வாறே நீண்டகாலமாக நிலவியது, ஓராண்டில் தோன்றியதன்று. வறட்சி தொடக்கத்தோடு பொருந்துகிறது, நீடிப்போடு பொருந்தவில்லை. தொடக்கம், நீடிப்பு ஆகிய இரண்டோடும் பொருந்திவருவது பொது முதலீட்டின் போக்கே. 1970களின் பிற்பகுதியில் அம்முதலீடு மீண்டும் உயர்ந்தபோது தொழில் வளர்ச்சியும் மீளத் தொடங்கியது இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

முதலீட்டுக் குறைப்பு தவிர்க்க இயலாததா என்ற வினா இங்கு எழும். உதவி சுருங்கியது, பாதுகாப்புச் செலவு உயர்ந்தது, உணவு இறக்குமதி செலாவணியை விழுங்கியது என்பன மறுக்கமுடியாத உண்மைகள். 1966-67இல் அரசுக்கு வேறு வழி மிகக் குறைவாகவே இருந்தது. ஆனால் 1968-க்குப் பின் நிலைமை மாறியது. புதிய விதைகளாலும் ஆதாய விலையாலும் வளமான பகுதிகளின் பெருநில உடைமையாளர்களுக்கு வருமானம் பெருகியது. வேளாண் வருமானத்தின்மீது வரி விதிக்கும் அதிகாரம் அரசமைப்பின்படி மாநிலங்களுக்கு உரியது. அவை அதனைப் பெரிதும் பயன்படுத்தவில்லை. கே.என். ராஜ் தலைமையிலான குழு 1972இல் பரிந்துரைத்த வேளாண் நிலவுடைமை வரியும் செயல்வடிவம் பெறவில்லை. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாயின் காலத்தில் விலை நிலைப்பே முதன்மை பெற்றது. வழி இருந்தும் செல்லாத இடத்தில்தான் கட்டாயம் கொள்கைத் தெரிவாக மாறுகிறது. நான்காம் திட்டம் (1969–74) ஒருவழியாகத் தொடங்கியபோது 1971ஆம் ஆண்டின் அகதிகள் வருகையும் போரும், 1972ஆம் ஆண்டின் வறட்சியும், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலை உயர்வும் அடுத்தடுத்துத் தாக்கின. முதலீட்டுத் தளர்ச்சியால் ஏற்கெனவே வலுவிழந்திருந்த பொருளாதாரமே அவற்றை எதிர்கொள்ள நேர்ந்தது.

7. தெரிவின் மறுபக்கம்

தேக்கக் காலத்தை இழப்பின் காலமாக மட்டும் காண்பது முழுமையான வரலாறாகாது. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. பஞ்சாப், அரியானா, மேற்கு உத்தரப்பிரதேசம் ஆகிய பகுதிகளில் கோதுமை விளைச்சல் பன்மடங்கு பெருகியது. உணவுக் கழகத்தின் கொள்முதலால் இருப்புத் தானியம் சேர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் பி.எல். 480 இறக்குமதி முடிவுக்கு வந்தது. தானியக் கப்பலுக்காகக் காத்திருந்து அயல்நாட்டின் நிபந்தனைகளுக்கு ஆட்பட்ட நிலை நீங்கியது. வகீலும் பிரம்மானந்தாவும் சுட்டிய ஊதியப் பண்டத் தடை, காலந்தாழ்த்தியேனும் தளர்ந்தது.

தடை தளர்ந்த அதே காலத்தில்தான் முதலீடும் தளர்ந்திருந்தது என்பது இவ்வரலாற்றின் முரண். கொள்முதல் செய்த தானியம் கிடங்கில் இருந்தது. அதனை வாங்கி உண்ணும் வேலைவாய்ப்பை உருவாக்கும் அணைகளும் ஆலைகளும் போதிய அளவில் கட்டப்படவில்லை. ஊதியப் பண்டம் பெருகினால் முதலீட்டைப் பெருக்கலாம் என்பதே முந்தைய வாதத்தின் தருக்கம். அதன் முதற்பாதி நிறைவேறி மறுபாதி கைவிடப்பட்டது. இதன் சுமை ஊரக நிலமற்ற தொழிலாளர்மீதும் வேலை தேடிய முதல் தலைமுறைப் பட்டதாரிகள்மீதும் விழுந்தது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. 1950–1980 காலத்தின் 3.5 விழுக்காட்டுச் சராசரி, வேறுபட்ட இரு காலங்களின் கலவையாகும். 1965 வரையிலான வளர்ச்சி, குடியேற்ற ஆட்சிக் காலத் தேக்கத்திலிருந்து விடுபட்ட ஒரு திருப்பம். அதன் பிந்தைய தளர்ச்சி தேதி குறிப்பிடத்தக்க ஒரு வரலாற்று நிகழ்வு.

2. போர், வறட்சி, உதவி நிறுத்தம் ஆகியன தளர்ச்சியைத் தொடங்கிவைத்தன. அது பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்ததற்குப் பொது முதலீட்டின் சுருக்கமே முதன்மைக் காரணம்.

3. அச்சுருக்கம் 1966-67இல் பெரிதும் கட்டாயத்தால் நேர்ந்தது. 1968-க்குப் பின் பெரிதும் தெரிவாக நீடித்தது. வேளாண் செல்வத்தின்மீது வரி விதிக்கும் வழியை மைய, மாநில அரசுகள் மேற்கொள்ளவில்லை.

4. உணவு விலை உயர்வு ஆட்சியை இழக்கச் செய்யும் என்ற 1967ஆம் ஆண்டின் பாடம் இத்தெரிவுக்குப் பின்புலமாயிற்று. சென்னை மாநிலத் தேர்தல் முடிவு இதற்குத் தெளிவான சான்று.

மெதுவான வளர்ச்சியை ஒரு சமயத்தின் பெயராலோ ஒரு சமூகத்தின் இயல்பாலோ விளக்கும்போது, முடிவெடுத்தவர்களும் முடிவின் சுமையைத் தாங்கியவர்களும் வரலாற்றிலிருந்து மறைந்துவிடுகின்றனர். 1965-க்குப் பிந்தைய தேக்கத்துக்கு நாளும் இடமும் உண்டு. மாற்று வழிகளும் இருந்தன. மாநில அளவில் முதலீடு, உணவு மானியம், வேளாண் வரி ஆகியவற்றின் தொடர்பை இதே காலப்பகுப்பைக் கொண்டு ஆராய்வது, இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.